நோயாளியின் படுக்கையருகே பாவக் கணக்குப் பார்க்காதீர்கள்

போன வாரம் டயாலிசிஸ் வார்டில் ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஜெபம் வேண்டாம் ஐயா. பக்கத்து பெட்டுக்குப் பண்ணுங்க" என்றார். வாரம் மூன்று முறை வருகிறவர், இரண்டு முறை வராமல் இருந்து, மூச்சுத்திணறலோடு ராத்திரி ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தார். பணப் பிரச்சினையா என்று சிஸ்டர் கேட்டதற்கும் பதில் இல்லை.

மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. சபையிலிருந்து நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து ஜெபித்திருக்கிறார்கள். கிளம்பும்போது ஒருவர், "மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடுங்க அக்கா, கர்த்தர் முகத்தை மறைச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அந்த அம்மா தன் ஐம்பது வருட வாழ்க்கையைத் துழாவியிருக்கிறார். பெற்ற தாயைக் கடைசி நாட்களில் போய்ப் பார்க்காமல் விட்டது கையில் சிக்கியது. இது அதற்கான தண்டனை, அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்று முடிவு செய்து டயாலிசிஸை நிறுத்திவிட்டார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

மருத்துவமனை ஆயராக இருக்கும் எனக்கு இது முதல் ஆள் இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது.

"முகத்தை மறைச்சிருக்கார்" என்பது வேதாகமத்தில் ஏசாயா 59-ஆம் அதிகாரம், 2-ஆம் வசனம். சரி, அதை யாரிடம் சொன்னார் தீர்க்கதரிசி? அடுத்த வசனத்தைப் படியுங்கள். கையில் இரத்தக்கறை உள்ளவர்களிடம், பொய் பேசுகிறவர்களிடம், நியாயத்தைப் புரட்டுகிறவர்களிடம். வாரம் மூன்று நாள் கையில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கும் ஒரு தாயிடம் அல்ல. அந்த அதிகாரம் 2-ஆம் வசனத்தோடு முடியவும் இல்லை. 16-ஆம் வசனத்தில், பரிந்து பேச ஒருவரும் இல்லை என்று கண்டு கர்த்தர் ஆச்சரியப்படுகிறார், அப்புறம் தாமே இறங்கி வருகிறார். 20-ஆம் வசனம் மீட்பர் வருவார் என்கிறது. 21 வசனங்களில் ஒன்றை மட்டும் பிய்த்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போவது எப்படி நியாயம்?

யோவான் 9-இல் சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள்: இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம்? இவன் பாவமும் அல்ல, பெற்றவர்கள் பாவமும் அல்ல என்றார் இயேசு. அதோடு கதை முடியவில்லை. பார்வை பெற்றவனை யூத மதத் தலைவர்களான பரிசேயர் வெளியே தள்ளினார்கள். அதைக் கேள்விப்பட்ட இயேசு அவனைக் கண்டு பேசினார். மதம் தள்ளிய இடத்தில் ஆண்டவர் வந்து நின்றார்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. தொலைந்தவர்களைக் கடவுள் தேடுகிறார் என்று காட்ட இயேசு சொன்ன, லூக்கா 15-இல் வரும் காணாமற்போன வெள்ளிக்காசைப் பற்றி மட்டும் சொன்னேன். பத்துக் காசில் ஒன்று விழுந்துவிடுகிறது. ஒரு நாள் கூலி. வீட்டுக்காரி விளக்குக் கொளுத்தி, வீட்டைக் கூட்டி, கிடைக்கிறவரைக்கும் தேடுகிறாள். நான் முடிப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்: "என் கம்மல் திருகாணி ஒருதரம் விழுந்துபோச்சு ஐயா. வீடு பூரா கூட்டி, குப்பையை முறத்துல கொட்டி, விரலாலே அளைஞ்சு பார்த்தேன்."

"திருகாணி உங்களைக் கூப்பிட்டுச்சா அம்மா?" என்றேன்.

கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அழுதார்.

மனந்திரும்ப வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எது முன், எது பின் என்பதைத்தான் சொல்கிறேன். அதே அதிகாரத்தில், வீட்டை விட்டுப் போய்ச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகன், "கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்று சொல்ல வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வருகிறான். தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். மகன் பாவத்தை அறிக்கையிடுவது அந்தக் கட்டிப்பிடிப்புக்குப் பிறகுதான். கூலிக்காரன் பேச்சுக்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

சங்கீதம் 23-இன் கடைசி வசனத்தில் நன்மையும் கிருபையும் என்னைத் "தொடரும்" என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அந்த வினைச்சொல் ராதஃப். எகிப்து ராஜாவான பார்வோன் இரதங்களோடு இஸ்ரவேலரைத் துரத்தியதற்கும் யாத்திராகமம் 14-இல் இதே சொல்தான். கிருபை நம்மைத் துரத்திக்கொண்டு வருகிறது. கிறிஸ்தவர்களைச் சிறைப்பிடிக்கத் தமஸ்குவுக்குப் போன பவுல் எந்தத் தேடலிலும் இல்லை, வழியில் பிடிக்கப்பட்டார். பின்னாளில் இயேசுவைப் பற்றிக் கலாத்தியருக்கு எழுதும்போது அவர் பொதுவாக "நம்மில்" என்று எழுதவில்லை. "என்னில் அன்புகூர்ந்து, எனக்காக" என்றே எழுதினார்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: காரணம் கேட்காதீர்கள். "விசுவாசம் போதாது" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது. மருந்தையோ டயாலிசிஸையோ நிறுத்தச் சொல்ல உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. நின்றுகொண்டே அரைமணி நேரம் ஜெபிக்காதீர்கள், உட்காருங்கள், இரண்டு நிமிடம் போதும். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். பேச ஆரம்பித்த பிறகு என்ன ஆனது என்பதை யோபு புத்தகம் 42-ஆம் அதிகாரத்தில் பாருங்கள், கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்.

படுக்கையில் இருந்தபடி இதைப் படிக்கிறவர்களே, ஜெபிக்க வாய் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-இல் இருக்கிறது. மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போடுங்கள். அடுத்த டயாலிசிஸுக்குத் தயவுசெய்து வந்துவிடுங்கள். யாராவது உங்கள் மனதில் எதையாவது போட்டுவிட்டுப் போயிருந்தால், ராத்திரி தனியாக வைத்துக்கொண்டு புரளாமல் வார்டு சிஸ்டரிடம் சொல்லி ஆயரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் வருவோம்.