‘தங்கம்’ என்று காட்டும் கருவியும் துப்புரவாகாத காணிகளும்

போன பங்குனியில் ஒரு தம்பி எங்கள் பயிற்சித் திடலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான். முதுகில் நீளமான பை. ஒன்லைனில் வாங்கிய, மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டர். “அக்கா, இது புது மொடல். தங்கம் எண்டால் தங்கம் எண்டே ஸ்கிரீனில காட்டும். ஒருக்கால் சோதிச்சுப் பாப்பமே?” என்று கேட்டான். எங்கே கொண்டுபோகப் போகிறான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி யுத்த நாட்களில் புதைக்கப்பட்ட தங்கம் பற்றிய கதை வன்னியில் யாருக்குத்தான் தெரியாது?

பதினொரு வருடமாகக் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கிறேன். இந்தப் புதுக் கருவிகளைப் பற்றிப் பொடியன்கள் கதைப்பதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அதனால்தான் அன்று நடந்ததை எழுதுகிறேன்.

பயிற்சித் திடலில் வெடிமருந்து இல்லாத மாதிரி மிதிவெடிகள் எங்களிடம் உண்டு. அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு மூன்று பொருட்களைப் புதைத்தேன். முதலாவது என் மோதிரம் (வேலை நேரத்தில் உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது என்பதால் அது எப்போதும் பையில்தான் இருக்கும்). இரண்டாவது, நான்காக மடித்த சிகரெட் பெட்டி ஈயத்தாள். மூன்றாவது, 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு மாதிரி மிதிவெடி. மோதிரத்தின் மேல் கருவி கத்தியது, திரையில் ‘தங்கம்’ என்று வந்தது. அவன் முகம் மலர்ந்தது. ஈயத்தாளின் மேலும் அதே சத்தம், கிட்டத்தட்ட அதே எண், அதே ‘தங்கம்’. மூன்றாவது இடத்தை இரண்டு தரம் கடந்து போனான். ஒரு சத்தமும் இல்லை. மண்ணை விலக்கி நான் காட்டியபோது அவன் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

கருவியில் பழுது ஒன்றும் இல்லை. வட்டமான அந்தச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அதன் எதிரொலியைத்தான் கருவி கேட்கிறது. அந்த எதிரொலி, உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, என்ன வடிவம் என்பவை எல்லாம் கலந்து வருவது. மெல்லிய மோதிரமும் மடித்த ஈயத்தாளும் ஒரே எண்ணைத் தரலாம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘தங்கம்’ என்ற பெயரை ஒட்டியது செய்து விற்றவர்.

மிதிவெடியின் கதை வேறு. பி4 என்ற பாகிஸ்தான் தயாரிப்பும், அதைப் பார்த்து இங்கே செய்யப்பட்ட ரங்கன் 99 என்ற வெடியும் பிளாஸ்ரிக் உடலைக் கொண்டவை. உள்ளே இருக்கும் உலோகம் மிகமிகக் கொஞ்சம். நாங்கள் பாவிக்கும் கருவிகள் இப்படியான சிறு உலோகத்துக்கென்றே செய்யப்பட்டவை. அப்படியிருந்தும் ஒவ்வொரு நாள் காலையும் கருவியைச் சிறு உலோகம் வைத்த சோதனைத் துண்டில் பிடித்துப் பார்க்காமல் எவரும் லேனுக்குள் (வெடி தேடும் ஒடுங்கிய பாதைக்குள்) இறங்குவதில்லை. முகமாலை போன்ற பழைய போர் முன்னரங்கில் அதுவும் போதவில்லை. செல் (எறிகணை) துண்டுகள், சன்னக் கோதுகள், முட்கம்பி என்று மண் முழுக்க இரும்பு. கருவி நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருக்கும். அங்கே பல இடங்களில் விளக்குமாறு போன்ற வாரியால் முன்பக்கத்திலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, கண்ணால் பார்த்துத்தான் எடுத்தோம். அந்த முறையே எங்கள் வடக்கு மண்ணில் உருவாகி வளர்ந்தது.

இனி வரப்போகும் கருவிகள் இதையெல்லாம் மாற்றிவிடுமா? ஓரளவுக்கு மாற்றும் என்று நம்புகிறேன். உலோகத்தோடு மண்ணுக்குள் ராடாரும் பார்க்கும் இரட்டைக் கருவிகள் ஏற்கெனவே கம்போடியாவில் வேலை செய்திருக்கின்றன. பிளாஸ்ரிக் வெடியின் உருவத்தை ராடார் பிடிக்கும் என்பதால் வீண் சத்தத்துக்காக மண் கிண்டுவது குறையும். ஆனால் கிளாலிக் கரையின் உவர் மண்ணிலும் மாரி மழையில் ஊறிய களியிலும் ராடார் அலை கெதியில் செத்துவிடும். காந்தமானி கட்டிய ட்ரோன்கள் பெரிய செல்களையும் குண்டுகளையும் தேட உதவும், ஆனால் அவை பார்ப்பது இரும்பை மட்டுந்தான். மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு உலோகப் பொருளுக்கும் உள்ள மின்காந்தக் ‘கைரேகை’யைப் படிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. உதைபந்தாட்ட வீரர் பொபி சார்ள்டன் 2011இல் தொடங்கிய அமைப்பு அதற்குத் துணை நின்றது. அது களத்துக்கு வந்தால் ஆணி எது, வெடியின் பாகம் எது என்று பிரிப்பது எங்களுக்கு லேசாகும்.

என்னைக் கேட்டால், ஆழம் கூடிய கருவியை விட, கை வீசிய ஒவ்வொரு வீச்சையும் பதிந்துவைக்கும் கருவிதான் முதலில் வேண்டும். வெயிலில் களைத்த பிள்ளை ஓர் அடி நிலத்தைத் தவறவிட்டால், அது அன்று பின்னேரமே எனக்குத் தெரியவேண்டும்.

ஆழத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். சிறு பொருள் ஒன்றின் ஆழம் இரட்டித்தால் அதன் எதிரொலி 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புது மொடல்கள் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி மண்ணின் இரைச்சலை நன்றாக விலக்குகின்றன, அது உண்மை. ஆனால் ஒரு மோதிரத்தைப் பத்து மீற்றர் ஆழத்தில் காட்டும் கருவி வரப்போவதில்லை. இரண்டு அன்ரனாக் கம்பியோடு ‘தூரத்திலேயே தங்கத்தைக் காட்டும்’ என்று விற்கிறார்களே, அது வெறும் ஏமாற்று. அப்படியான ஏடிஇ 651 என்ற போலிக் கருவியை வெடிகுண்டு காட்டும் என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மக்கோர்மிக்குக்கு 2013இல் லண்டனில் 10 வருடச் சிறை கிடைத்தது. அதை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். துப்புரவாக்கிக் கையளித்த காணி என்றாலும், எங்கள் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குத்தான். தோட்டம் செய்யலாம், வீடு கட்டலாம். பழைய பங்கரைத் தேடி ஆளுயரக் கிடங்கு தோண்டுவது வேறு விஷயம். அத்திவாரத்திலோ கிணற்றிலோ சந்தேகமான ஏதாவது கண்டால் தொடவேண்டாம். வந்த அடித்தடத்திலேயே திரும்பி வந்து 119க்குச் சொல்லுங்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தக் கருவியோடும் போகாதீர்கள். கருவி சத்தம் போடாத இடம் வெடி இல்லாத இடம் என்று ஆகாது.

“அப்ப இத்தினை காசு குடுத்து வாங்கினது சும்மாவோ அக்கா?” என்று அந்தத் தம்பி கேட்டான். எனக்குத் தெரிந்த மரஆலைக்காரர் ஒருவரின் இடத்தைச் சொல்லிவிட்டேன். யுத்தம் நடந்த இடத்து மரங்களுக்குள் இன்னும் செல் துண்டுகள் இருக்கின்றன. வாள் பட்டால் பல் உடைந்து தெறிக்கும், அறுப்பவரின் கண்ணும் போகும். இப்போது குற்றிகள் வாளுக்குப் போகமுதல் அவன்தான் தன் கருவியால் தடவிப் பார்க்கிறான். போன கிழமை ஒரு வேப்பங்குற்றியில் மூன்று துண்டுகளைக் காட்டியதாம். ஆலைக்காரர் சோக்கட்டியால் அந்த இடங்களை வட்டம் போட்டு, குற்றியை வேறாக எடுத்து வைத்திருக்கிறார்.