பசித்தால் தின்னும் என்று நாய்க்குட்டியைப் பட்டினி போடாதீர்கள்

நீலகிரியில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் என் கிளினிக்கில் அடிக்கடி கேட்கிற குறை இது: "டாக்டரம்மா, குட்டி ட்ரை ஃபுட்டை மோந்து பார்த்துட்டுப் போயிடுது, வாயே வைக்க மாட்டேங்குது." ட்ரை ஃபுட் என்றால் கடையில் விற்கும், சிறு உருண்டைகளாக இருக்கும் உலர் நாய் உணவு. கூடவே யாரோ ஒருவர் கொடுத்த யோசனையும் வரும்: "வேற எதுவும் வைக்காதீங்க, பசிச்சா தானா திங்கும்." வளர்ந்த நாயாக இருந்தால் ஒரு வேளை தவறினாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டு மாதக் குட்டியால் தாங்க முடியாது. அதிலும் ஊட்டி, கோத்தகிரிக் குளிரில் இந்த யோசனை குட்டியின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

குட்டியின் உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. கல்லீரலில் இருக்கும் சர்க்கரை கொஞ்சம், தோலுக்கடியில் கொழுப்பு அதைவிடக் கொஞ்சம். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே அது நிறையச் செலவழிக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி படர்கிற ஊர் இது. இரவில் வெறும் சிமென்ட் தரையில், வெறும் வயிற்றோடு கிடக்கும் குட்டிக்கு விடிவதற்குள் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். பொமரேனியன், ஷிட்சூ போன்ற சிறு ஜாதிக் குட்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும், ஈறு வெளுக்கும், பிறகு துவண்டு விழும். அப்படிப் பார்த்தால் உடனே தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு அருகில் இருக்கும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

சரி, குட்டி ஏன் சாப்பிடுவதில்லை? முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இங்கே வாங்கப்படும் குட்டிகளில் பல கோவை, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வருபவை. தாயை விட்டுப் பிரித்த கையோடு ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தி எடுக்க எடுக்கக் கொண்டுவருகிறார்கள். சமவெளியின் வெப்பத்திலிருந்து ஒரே நாளில் குளிருக்கு வந்து சேர்கிறது. உடன்பிறந்த குட்டிகளும் பக்கத்தில் இல்லை. அன்று ராத்திரி அதன் முன்னால் கல் மாதிரி நாலு உருண்டை வைத்தால் எப்படித் தின்னும்?

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிகளைக் கைமாற்றுகிறார்கள். தாய் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்துப் பழகக்கூட அவற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை. தயவுசெய்து அவ்வளவு சின்னக் குட்டியை வாங்காதீர்கள். வாங்கும்போது, இதுவரை என்ன கொடுத்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேளுங்கள். முடிந்தால் அதே உணவில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பழைய உணவே போகட்டும். அப்புறம் புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டிக்கொண்டே போய் ஒரு வாரம், பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் பல்லும் மூக்கும். பால் பற்கள் மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி எட்டு வாரத்துக்குள் 28ம் வந்துவிடும். ஊசி போன்ற அந்தப் பற்களுக்குக் கெட்டியான உருண்டையை நொறுக்குவது புதுப் பழக்கம். ட்ரை ஃபுட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்து பங்குதான். குட்டி மூக்கால்தான் உணவை அடையாளம் காண்கிறது. குளிரில் காய்ந்துபோன உருண்டையிலிருந்து வாசனையே எழும்பாது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் உருண்டையும் இளகும், வாசனையும் எழும்பும். அதனால்தான் ருசி கூட்டும் டானிக் கேட்டு வருபவர்களிடம் முதலில் வெந்நீரைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு வேளைக்கு உரியதை ஸ்டீல் கிண்ணத்தில் போட்டு, உருண்டைகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். தட்டால் மூடி கால் மணி நேரம், இருபது நிமிடம் விடுங்கள். ஓர் உருண்டையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் மணல்போல் நறநறக்கும் பருக்கை தட்டுப்பட்டால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குட்டி எப்படியோ உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் கஞ்சிப் பதத்துக்கு மசித்துவிடுங்கள். எட்டு வாரக் குட்டிக்கு உருண்டை உடையாமல், தொட்டால் அமுங்குகிற பதம் போதும். கொஞ்சம் விரலில் எடுத்து உதட்டில் தடவினால் நக்கிப் பார்க்கும், பிறகு கிண்ணத்தைத் தேடி வரும். இருபது நிமிடம் வைத்திருந்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஊறிய உணவு சீக்கிரம் கெட்டுவிடும், அடுத்த வேளைக்கு ஆகாது. நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று மாதம் வரை தினமும் நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை. கடைசி வேளையைப் படுக்கும் முன் கொடுங்கள். குளிர் இரவைக் கடக்க அது உதவும்.

பாலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீருக்குப் பதில் பசும்பால் ஊற்றி ஊறவைப்பவர்கள் நிறையப் பேர். பாசத்தில் செய்வதுதான், ஆனால் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கிவிடும். தாய்நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதன் இடத்தைப் பசும்பால் நிரப்பாது. பாலில் தோய்த்த வர்க்கியும் (மொறுமொறுவென்ற பேக்கரிப் பண்டம்) இங்கே பல வீடுகளில் குட்டிக்குப் போகிறது. மைதாவும் கொழுப்பும் வயிற்றை நிரப்பிவிடும். வளர்ச்சிக்கு வேண்டியது எதுவும் உள்ளே போகாது. தயிர் சாதமும் அப்படித்தான். நம் வீட்டுக் கோழிக்குழம்பைக் கலந்தால் வெங்காயமும் பூண்டும் சேர்ந்தே போகும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. ஆசைகாட்டத்தான் வேண்டுமென்றால் உப்பும் மசாலாவும் இல்லாமல் கோழியை வேகவைத்த தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போதும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் சாக்லேட்டைக் குழந்தைகள் குட்டிக்கு ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கறுப்போ அவ்வளவு விஷம்.

ட்ரை ஃபுட்தான் கொடுத்தாக வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. எஸ்டேட் லைனில் கூலி வாங்கிக் குடும்பம் நடத்துபவருக்கு அந்த விலை பாரம்தான். முட்டை, கோழி, சோறு கொண்டும் வளர்க்கலாம். அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கான ட்ரை ஃபுட் கொடுப்பவர்கள், எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் சிரப்பையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமானால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும்.

சாப்பிடாமையை வெறும் அடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாத நேரங்கள் உண்டு. வாந்தி, ரத்தம் கலந்து நாறும் பேதி, சோர்வு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம்; அன்றைக்கே கொண்டுவாருங்கள். வயிறு மட்டும் பானைபோல் உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் வயிற்றில் பூச்சி இருக்கலாம். வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காட்டிவிடுங்கள். சிறு ஜாதியென்றால் அரை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்துவைத்து லூஸில் விற்கும் ட்ரை ஃபுட்டை வாங்காதீர்கள். இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்தால் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் உண்டாகலாம். பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடுங்கள். மிச்ச உணவை ராத்திரி வாசலில் விடவே கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அந்த வாசனைக்குக் கரடி வரும். குட்டியும் வெளியே படுத்திருந்தால் சிறுத்தைக்கு இரையாகிவிடும்.

நான்கு மாதம் ஆனதும், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குட்டி திடீரென்று மறுபடி ஒதுங்கும். கிண்ணத்தில் லேசாக ரத்தக்கறைகூடத் தெரியலாம். பால் பற்கள் விழுகிற காலம் அது, பயப்பட வேண்டாம். சில நாள் மறுபடி ஊறவைத்துக் கொடுங்கள். ஏழு மாதம் ஆகியும் பால் பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றால் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், எடுத்துவிடலாம்.