பழைய ஆஸிலோஸ்கோப்புக்கு எந்தப் பசை?

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட 465 வகை ஆஸிலோஸ்கோப் (மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) போன்ற பழைய சோதனைக் கருவிகளைத் திறந்தால், மிகுந்த மின்சாரத்தைக் கையாளும் ஆற்றல் டிரான்சிஸ்டர்களின் அடியில், வெப்பத்தைக் கடத்துவதற்காகப் பூசிய வெள்ளைப் பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கணினிச் செயலிகளுக்காக விற்கப்படும் விலையுயர்ந்த வெள்ளிப் பசையைப் பூசலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதே என் பதில். விலை அதற்குக் காரணமன்று.

அக்காலத்தில் எங்கும் புழங்கிய 2என்3055 டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் உலோகக் கூடே அதன் கலெக்டர் என்னும் மின்முனை என்பதால், கூட்டுக்கும் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட் சிங்குக்கும் இடையே மெல்லிய மைக்கா தகடு ஒன்றை மின்காப்பாக வைத்து, அதன் இரு பக்கங்களிலும் பசை தடவுவார்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இந்தப் பரப்புகள் நுண்ணளவில் மேடும் பள்ளமுமாக இருப்பதால், ஒன்றையொன்று மிகச் சில முகடுகளில்தான் தொடுகின்றன. எஞ்சிய இடமெல்லாம் காற்று. காற்றின் வெப்பக்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு வெறும் 0.026 வாட், அலுமினியத்துக்கோ அது 200க்கு மேல். பசையின் முதல் வேலை இந்தக் காற்றை வெளியேற்றுவதுதான்.

பசைக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெள்ளைப் பசை என்பது சிலிகோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடுத் தூளைக் குழைத்தது. எண்ணெயின் கடத்துதிறன் ஏறத்தாழ 0.15, துத்தநாக ஆக்சைடுக்கு அது பல பத்துகள். ஆனால் இரண்டும் கலந்த பசையின் மதிப்பு 0.7 அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆற்றைப் பாறைக்குப் பாறை தாவிக் கடப்பவருக்குப் பாறையின் மேல் நடப்பது எளிது, இடையிலுள்ள தண்ணீர்தான் தடை. அதுபோல வெப்பம் ஒவ்வொரு துகளையும் எளிதில் கடந்து, அடுத்த துகளுக்கு முன்னிருக்கும் எண்ணெய்ப் படலத்தில் தயங்கி நிற்கிறது. எனவே தூளின் தரத்தைவிடத் துகள்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்படுகின்றன என்பதே முக்கியம். பெரிய துகள்களின் இடுக்குகளில் சிறிய துகள்கள் புகுமாறு பல அளவுகளைக் கலப்பது இதற்காகத்தான். ஆயினும் தூள் மிகுந்தால் பசை இறுகி, மெல்லிய படலமாகப் பரவ மறுக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். டிரான்சிஸ்டர் 30 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது, தொடுபரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், 0.025 மில்லிமீட்டர் தடிப்புள்ள பசைப் படலத்தில் ஏற்படும் வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ்தான். இரு படலங்களுக்கும் சேர்த்து 4. அதே இடைவெளி முழுவதும் காற்றாக இருந்தால் ஒரு படலத்துக்கே 58 பாகை ஆகும். 0.075 மில்லிமீட்டர் மைக்காவில் 7 அல்லது 8 பாகை போகிறது. டிரான்சிஸ்டரின் உள்ளே, சிலிக்கான் சில்லிலிருந்து கூடு வரை, ஏறத்தாழ 45 பாகை. பத்து மடங்கு சிறந்த பசையைப் பூசினாலும் மிச்சமாவது 4 பாகைக்கும் குறைவு! விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் கடத்துதிறன் எண், இங்கே ஏறக்குறைய அலங்காரம்தான்.

லாபம் இவ்வளவே, அபாயமோ பெரிது. உலோகத்துகள் கலந்த பசை மைக்காவின் விளிம்பைத் தாண்டி வழிந்தால், கலெக்டருக்கும் கருவியின் சட்டத்துக்கும் இடையே மின்பாதை உருவாகக்கூடும். காலியம் என்னும் உலோகம் கலந்த திரவ உலோகப் பசையோ மின்சாரத்தை நன்றாகவே கடத்துவதோடு அலுமினிய ஹீட் சிங்கையும் அரித்துவிடும்.

படக்குழாயின் உயர் மின்னழுத்த இணைப்பில் தேவைப்படுவது வேறு வகை. அங்கே மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். காற்றோ மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டில் முறிந்துவிடும். ரப்பர் மூடிக்குள் சிக்கிய காற்றில் மின்கசிவு தொடங்கினால் ஓசோன் உண்டாகி ரப்பரைச் சிதைக்கும். சிலிக்காவால் கெட்டியாக்கப்பட்ட, ஒளி ஊடுருவும் சிலிகோன் மின்காப்பு கிரீஸ் அந்தக் காற்றையும் ஈரத்தையும் விலக்கி வைக்கிறது. வெள்ளைப் பசையை அங்கே பூசக் கூடாது.

வெள்ளைப் பசைக்கும் இந்தக் கிரீஸுக்கும் பொதுவான குறை, சிலிகோன் எண்ணெய் மெல்லப் பிரிந்து ஊர்ந்து செல்வது. அது சுவிட்சு, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) ஆகியவற்றின் தொடுமுனைகளைச் சென்றடைந்தால், தீப்பொறியின் வெப்பத்தில் சிலிக்காவாக மாறி மின்தொடர்பைக் கெடுக்கும். ஆகவே தொடுமுனைகளுக்கு அருகிலுள்ள டிரான்சிஸ்டர்களுக்குச் சிலிகோன் இல்லாத செயற்கை எண்ணெயில் குழைத்த துத்தநாக ஆக்சைடுப் பசையையே நான் தேர்ந்தெடுப்பேன். எதுவாயினும், பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அடித்தளம் மங்கலாகத் தெரியுமளவு மெல்லியதாகப் பூசினால் போதும். துடைக்கும்போது மைக்காவுக்குப் பதிலாக வெள்ளைப் பீங்கான் தகடு தென்பட்டால், அது பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு என்பதால், அதைச் சுரண்டவோ உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.