அந்தியேட்டி மலரும் அல்பைன் பெட்டியும்

'கல்வெட்டு' என்றால் யாழ்ப்பாணத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது கல் அல்ல. ஒருவர் மறைந்து 31ஆம் நாள் அந்தியேட்டியில் கையில் தரப்படும் புத்தகம். தேவாரம், வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். நாள் தள்ளிப்போடவும் முடியாது.

பெரியம்மாவின் கல்வெட்டை, அதாவது நினைவு மலரை, நான்தான் கணினியில் கோத்தேன். என் வீட்டில் 48 பக்கம். திருத்துவதற்குக் கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு அனுப்பினால் அங்கே 53 பக்கமாம். சின்னையாவின் பெயருக்கு மேலே வேறு யாரோவின் படம்.

காரணம் எளிது. கோப்பில் இருப்பது சொற்களும் சில குறிப்புகளும்தான். எழுத்துருவும் வரியை எங்கே மடிப்பது என்று முடிவெடுக்கும் மென்பொருளும் அந்தந்தக் கணினிக்குச் சொந்தம். பீடிஎஃப் ஆக்கி அனுப்பினால் பக்கம் மாறாதுதான், ஆனால் அவ அதில் திருத்துவது எப்படி? ஆகவே மலரோடு சேர்த்து அதைச் சமைக்கும் அடுப்படியையும் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குத்தான் கொள்கலன்.

பெயரைக் கேட்டுத் துறைமுகத்து இரும்புப் பெட்டியை நினைக்கவேண்டாம். உள்ளே இன்னொரு கணினி இல்லை. அது உங்கள் கணினியில் ஓடும் சாதாரண நிரல்தான்; லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னல் அதற்குக் கண்பட்டை கட்டிவிடுகிறது. 'பெயர்வெளி' என்ற வசதி, நிரலுக்குத் தன் கோப்புகளையும் தன் வேலைகளையும் மட்டுமே காட்டுகிறது. 2008இல் கேர்னலுக்குள் வந்த 'சீகுரூப்' அது எவ்வளவு நினைவகம் தின்னலாம் என்று அளந்து போடுகிறது. நிரலுக்கு வேறு வேர்க்கோப்புறையைக் காட்டி ஏமாற்றும் வித்தை 1979ஆம் ஆண்டு யுனிக்ஸிலேயே இருந்தது. 2013இல் வந்த டொக்கர் என்ற மென்பொருள் இவற்றையெல்லாம் ஒரே கட்டளைக்குள் கட்டித் தந்தது. கேர்னல் பொது என்பதால், கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் மெய்நிகர் கணினிபோல முழு இயங்குதளத்தை எழுப்பத் தேவையில்லை. கண்மூடித் திறக்கமுன் ஓடத் தொடங்கிவிடும்.

அடித்தளமாக நான் எடுத்தது அல்பைன் என்ற மெலிந்த லினக்ஸ். அதன் படிமம், அதாவது கொள்கலனை ஓட்டத் தேவையான கோப்புகளின் கட்டு, ஏறக்குறைய 5 மெகாபைட். கைபேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவு. பக்கம் ஆக்க டெக் லைவ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் முழுத் தொகுப்பைப் போட்டிருந்தால் பல கிகாபைட் ஆகியிருக்கும். 48 பக்க மலருக்கு அது பனங்காய் வெட்டப் புல்டோசர் கொண்டுவருகிற கதை. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லைப் பீடிஎஃப் ஆக்கும் வீஸிபிரின்ட் என்ற நிரல் போதும் என்று முடிவெடுத்தேன்.

முதல் ஓட்டத்திலேயே மெலிவின் விலை தெரிந்தது. திகதிகளும் ஆங்கிலப் பெயர்களும் வந்தன. தேவாரம் முழுக்க வெறும் கட்டங்கள். பெட்டிக்குள் தமிழ் எழுத்துருவே இல்லை! பெட்டிக்குள் என்னென்ன போடவேண்டும் என்று சொல்லும் செய்முறைக் கோப்பில் நோட்டோ தமிழ் எழுத்துருப் பொதிக்கு ஒரு வரி சேர்த்தபிறகுதான் கட்டங்கள் எழுத்தாயின. தமிழுக்கு எழுத்துரு மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். 'கொ' கணினியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலுமாகவே சேமிக்கப்படுகிறது. ஒற்றைக்கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம். நல்லகாலம், வீஸிபிரின்ட் அதையும் கையோடு அழைத்து வருகிறது.

இன்னொரு பொறி உண்டு. செய்முறையில் பதிப்பெண் போடாமல் விட்டால், அடுத்த மாதம் கட்டும் பெட்டியில் புதிய பதிப்புகள் புகுந்து வரிகள் மறுபடி மடியலாம். அதனால் செய்முறையை மட்டும் நம்பாமல், கட்டிமுடித்த படிமத்தையே மச்சாளுக்கு அனுப்பினேன். அவவின் விண்டோஸ் கணினியில் டொக்கர் பின்னணியில் ஒரு சிறு லினக்ஸை ஓட்டிக்கொள்ளும். மலர்க் கோப்புறையைப் பெட்டிக்குக் காட்டிக் கட்டளையைக் கொடுத்தால் பீடிஎஃப் அந்தக் கோப்புறையில் விழும், கொள்கலன் அழிந்துபோகும்.

அங்கேயும் 48 பக்கம். பேரன் ஒருவனின் பெயரில் முதலெழுத்து (இனிஷியல்) பிழையென்று அவ பிடித்ததைத் திருத்தி, 27ஆம் நாள் அச்சகத்துக்குக் கொடுத்தோம்.