புட்டிக்குள் இன்னொரு ஈஸ்ட்: ஓர்வால் பியர் எப்படி முதிர்கிறது?

ஓர்வால் பியர் புட்டியின் லேபிளில், அதை அடைத்த தேதி இருக்கும். இந்த பியரைத் தேடிக் குடிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். அடைத்து இரண்டு மாதம் ஆனது ஒரு ருசி, ஒரு வருடம் ஆனது முற்றிலும் வேறு ருசி. இத்தனைக்கும் இரண்டும் ஒரே ஆலையில், ஒரே முறையில் காய்ச்சியவை.

பெல்ஜியத்தின் தெற்குக் கோடியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது ஓர்வால் மடம். இடிந்து கிடந்த மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டும் என்று அங்கே 1931இல் பியர் ஆலை தொடங்கினார்கள். இந்த பியரை இரண்டு வகை ஈஸ்ட் புளிக்க வைக்கின்றன. முதலாவது, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் சாக்கரோமைசிஸ். முளைகட்டிய பார்லியிலிருந்து வரும் சிறு சர்க்கரைகளைச் சில நாட்களிலேயே தின்று தீர்த்துவிடும். ஆனால் நான்கு, ஐந்து குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலிகளை அதனால் உடைக்க முடியாது. சாதாரண பியரில் அவை அப்படியே தங்கி, நாக்கில் ஒரு கனத்தைக் கொடுக்கும்.

அப்புறம் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவை ஊறப் போட்டு, புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையோடு பிரெட்டனோமைசிஸ் என்ற இரண்டாவது ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் 1904இல் அதற்கு வைத்த பெயர் இது. ஆங்கிலேய பியரில் கண்டதால் ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்று பொருள். ஒயின் செய்பவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பீப்பாயில் ஒருமுறை புகுந்துவிட்டால் விரட்டுவது அவ்வளவு கஷ்டம். அதையே இந்த மடத்தில் வேண்டுமென்று விடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

பிரெட்டனோமைசிஸ், சுருக்கமாக பிரெட், அவசரப்படாது. முதல் ஈஸ்ட் விட்டுவைத்த நீளச் சங்கிலிகளை வெட்டும் நொதி அதனிடம் இருக்கிறது. மாதக்கணக்கில் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதனால் பியரின் இனிப்பும் கனமும் வறண்டுகொண்டே போகும், வாயு கூடும், லேபிளில் 6.2 சதவீதம் என்று போட்டிருக்கும் ஆல்கஹாலும் சற்று ஏறும். புட்டி தடிமனாக இருப்பதும் நல்லதுதான்.

வாசனை மாறும் விதம் இன்னும் அழகு. பார்லி உமியில் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. ஈஸ்ட் அதிலிருந்து ஒரு கார்பன் அணுவைக் கழற்றினால் கிராம்பு வாசனை வரும். பல பெல்ஜிய பியர்கள் அந்த இடத்தோடு நின்றுவிடும். பிரெட் இன்னொரு படி போய், அதில் ஹைட்ரஜனைச் சேர்க்கும். கிராம்பு மங்கிப் புகை வாசம் எழும். கூமாரிக் அமிலம் இதே பாதையில் போனால் கிடைப்பது தோல், குதிரை லாயத்து வைக்கோல் மணம். வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர் என்ற சேர்மத்தையும் பிரெட் உடைத்துவிடும்.

ஹாப் பூவின் மணமும் கசப்பும் இதற்குள் தாமாகவே குறைந்துகொண்டிருக்கும். ஆகவே இளசாகக் குடித்தால் பூ வாசமும் நல்ல கசப்பும். ஆறு மாதத்தில் ஹாப்பும் பிரெட்டும் சமமாக நிற்கும். அதற்கு மேல் பிரெட்டின் ராஜ்ஜியம். என்னைக் கேட்டால் அந்த ஆறாவது மாதம்தான் உச்சம்.

வைத்து முதிர்த்துவதானால் புட்டியை நிமிர்த்தி, இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப் கசப்பு சிதைந்து கெட்ட நாற்றம் வரும். ஊற்றிய பிறகு அடியில் தங்கும் வண்டலிலும் பிரெட் உயிரோடு இருக்கும். வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் பலர் அந்த வண்டலைத்தான் எடுத்து வளர்த்துத் தங்கள் பியருக்கு விதையாகப் போடுகிறார்கள்.