ஆம்பருக்குள் எறும்பு: விலை பேசும் முன்

"9.9 கோடி ஆண்டுப் பழமையான நரக எறும்பு" என்று இணையத்தில் விற்பனைக்கு வரும் மஞ்சள் துண்டில் எறும்பைப் பார்க்குமுன் பிசினைச் சோதியுங்கள். ஆம்பர் என்பது பல கோடி ஆண்டுகளில் இறுகிப்போன மரப்பிசின்; நரக எறும்பு என்பது அழிந்துபோன ஆதி எறும்பு வகை.

250 மி.லி. தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, துண்டைப் போடுங்கள். ஆம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்லைட், அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். ஆனால் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கும் மிதக்கும், இன்னும் இறுகி முடியாத இளம் பிசினான கோப்பலும் மிதக்கும். அதனால் மிதந்ததோடு நிறுத்தக்கூடாது. பூச்சி இல்லாத மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு அரை நிமிடம் கழித்துத் தொட்டால், கோப்பல் பிசுபிசுக்கும், பாலிஸ்டைரீன் கரையும். சூடான ஊசியால் குத்தும் சோதனை வேண்டவே வேண்டாம். விரிசல் பூச்சி வரை ஓடிவிடும்.

பிசின் தேறினால் பத்து மடங்கு லென்ஸை எடுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கிய இடைக்கணு இருக்கிறதா? பின்னங்காலின் அடிப்பகுதிக்கு மேலே எறும்புகளுக்கே உரிய சுரப்பியின் துளை தெரிகிறதா? பிறகு தாடை. 1996இல் எறும்பு ஆய்வாளர் டுலுஸ்கி விவரித்த நரக எறும்பான ஹைடோமிர்மெக்ஸ் செர்பெரஸின் தாடைகள் அரிவாள்போல் மேல்நோக்கி வளைந்து, முனை நெற்றிப் பக்கம் நிற்கும். இன்றைய எறும்புகளின் தாடை பக்கவாட்டில் அசையும். நரக எறும்புகளுடையது மேலும் கீழும் அசைந்தது. அதன் உறவான செரட்டோமிர்மெக்ஸ் ஒன்று, தாடைக்கும் நெற்றிக் கொம்புக்கும் இடையே இரையைக் கவ்வியபடியே உறைந்திருந்ததை 2020இல் வெளியிட்டார்கள். பக்கவாட்டுத் தாடையோடு, துண்டின் நட்டநடுவில், ஆறு கால்களையும் அழகாக விரித்துக் கிடக்கும் எறும்பைக் கண்டால் சந்தேகப்படுங்கள். பிசினில் சிக்கிய பூச்சி அப்படிப் படம் பிடிக்க நிற்பதில்லை.

மெத்தென்ற துணியின்மேல் வைத்தே பாருங்கள். 1967இல் விவரிக்கப்பட்ட, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிடைத்த ஸ்பெகோமிர்மா ஃப்ரேயி என்ற ஆதி எறும்புகள் இரண்டு இருந்த துண்டு, எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் கையிலிருந்து விழுந்து இரண்டாக உடைந்தது. பாதிக்கொன்றாக இரண்டு எறும்புகளும் தப்பியது வெறும் அதிர்ஷ்டம்.

இவ்வளவும் தேறினாலும் ஒரு கேள்வி மிச்சம்: எந்த ஆண்டு தோண்டியது? நரக எறும்புகளில் பெரும்பாலானவை மியான்மரின் கச்சின் மாநிலத்திலுள்ள ஹுகாவுங் பள்ளத்தாக்கிலிருந்து வருபவை. 2017இல் ராணுவம் அந்தச் சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது. அதன்பின் வாங்கிய மாதிரிகளைக் கொண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதை நிறுத்திவைக்கும்படி முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் சங்கம் 2020இல் ஆய்விதழ்களைக் கேட்டது. தோண்டிய ஆண்டைச் சொல்லும் ஆவணம் விற்பவரிடம் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஆம்பருக்குள் எறும்பு வேண்டும் என்பது மட்டுமே ஆசையென்றால் டொமினிக்கன் ஆம்பரைத் தேடுங்கள்; வயது 1.5 முதல் 2 கோடி ஆண்டுதான், ஆனால் எறும்புகள் ஏராளம்.