அழற்சித்திரளம்: ‘இன்ஃபிளமசோம்’ என்னும் சொல்லின் பொருளும் தமிழாக்கமும்

‘இன்ஃபிளமசோம்’ வயதில் இளைய சொல். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் யூர்க் சோப் தலைமையிலான குழு, காஸ்பேஸ்-1 என்ற நொதியை முடுக்கிவிடும் புரதக் கூட்டமைப்பொன்றை விவரித்து 2002இல் அதற்கு இப்பெயரை இட்டது.

சொல்லின் முற்பாதி, தீ மூட்டுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வருகிறது. தமிழிலும் அழல் என்றால் தீ. முயல் ‘முயற்சி’ என்றும் பயில் ‘பயிற்சி’ என்றும் ஆவது போல, அழல் ‘அழற்சி’ ஆகிறது. இதை ‘வீக்கம்’ என்று எழுதுவோர் உண்டு. அது பிழை; முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற உரோமானியர் அழற்சிக்குரியனவாகச் சொன்ன சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல் ஆகிய நான்கில் வீக்கம் ஒன்று மட்டுமே.

சிக்கல் பிற்பாதியில்தான். ‘சோம்’ கிரேக்கத்தில் உடலைக் குறிக்கும். குரோமோசோமை இலங்கைப் பாடநூல்கள் ‘நிறமூர்த்தம்’ என்று வழங்குவதால் ‘அழற்சிமூர்த்தம்’ என்று ஆக்கலாமே எனத் தோன்றும். இலக்கணப்படி குறையில்லை, ஆனால் மூர்த்தம் என்பது என்றும் நிலைத்திருக்கும் வடிவத்தை நினைவூட்டுகிறது, இதுவோ தேவைப்படும்போது மட்டும் கூடுவது.

இவ்வேறுபாட்டை யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் நோயில் தெளிவாகக் காணலாம். (கீல்வாதம் என்ற சொல் பிற மூட்டு நோய்களுக்கும் வழங்குவதால் அதை இங்கே தவிர்க்கிறேன்.) இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அதன் உப்பான யூரேட் மூட்டுகளில் படிகமாகலாம். உள்ளார்ந்த நோயெதிர்ப்பின் காவலர்களான பெருவிழுங்கிகள் அப்படிகங்களை விழுங்குகின்றன. முன்னதாகவே வேறொரு தூண்டல் அச்செல்லில், அழற்சியைத் தூண்டும் செய்திப்புரதமான இன்டர்லியூக்கின்-1 பீட்டாவின் முதிராத வடிவத்தை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அதன்மேல் படிகம் இரண்டாம் தூண்டலாக அமையும்போது, அதுவரை தனித்தனியே கிடந்த என்எல்ஆர்பி3, ஏஎஸ்சி, காஸ்பேஸ்-1 ஆகிய புரதங்கள் ஒன்றாகத் திரள்கின்றன. முடுக்கப்பட்ட காஸ்பேஸ், முதிராத இன்டர்லியூக்கினை வெட்டிச் செயல்பட வைக்கிறது. கேஸ்டெர்மின் டி என்ற புரதத்தையும் வெட்டிச் செல்சவ்வில் துளைகளை உண்டாக்குகிறது. அத்துளைகள் வழியே வெளியேறும் இன்டர்லியூக்கின், நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்களை மூட்டுக்குள் வரவழைக்கிறது. யூரேட் படிகத்திற்கும் என்எல்ஆர்பி3க்கும் உள்ள இத்தொடர்பை 2006இல் வெளியிட்டதும் சோப்பின் குழுவே.

இங்கு ‘திரள்கின்றன’ என்ற வினையே பெயரையும் தந்துவிடுகிறது: அழற்சித்திரளம். வெறும் ‘அழற்சித்திரள்’ என்றால் அழற்சி கண்ட சதைத்திரட்சி என்று கொள்ள இடமுண்டு. ‘அம்’ விகுதி சேர்த்தால் அம்மயக்கம் பெரும்பாலும் நீங்குகிறது.

இச்சொல்லை மருத்துவத்தில் ஆளும்போது இன்னொரு கவனம் வேண்டும். கவுட் வலிக்குத் தரப்படும் கோல்கிசின் செல்லின் நுண்குழல்களைக் குலைப்பதால் திரளம் கூடுவதையே தடுக்க வல்லது. நியூட்ரோஃபில்களின் நகர்வையும் அது குறைக்கிறது. கவுட்டுக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான கனகினுமாப் அப்படியன்று. அது வெளியே வந்துவிட்ட இன்டர்லியூக்கின்-1 பீட்டாவைப் பற்றிக்கொள்கிறதே தவிர, செல்லுக்குள் இருக்கும் திரளத்தைத் தொடுவதில்லை. ஆகவே அதனை ‘இன்டர்லியூக்கின் தடுப்பி’ என்றே எழுத வேண்டும். ‘அழற்சித்திரளத் தடுப்பி’ என்ற தொடரை, புரதங்கள் கூடுவதையோ கூடிய திரளம் செயல்படுவதையோ மறிக்கும் மருந்துகளுக்கென ஒதுக்கிவைப்பது நல்லது.